பால் வெட்டிய கையும் ஒரு புரதத்தின் கதையும்

எங்கள் செமோர் வட்டாரத்தில் விரல் கோணிப்போன பெண்களைப் பார்த்தால், “பால் வெட்டுன கை, வேற எப்படி இருக்கும்?” என்று சொல்லிவிட்டு அடுத்த பேச்சுக்குப் போய்விடுவார்கள். கோயில் திருவிழாவில் சோறு பரிமாறும் வரிசையிலும், கல்யாண வீட்டில் சந்தனக் கிண்ணம் நீட்டும் இடத்திலும் அப்படிப்பட்ட கைகள் கண்ணில் படும். விடியுமுன் எழுந்து, தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு, நாளொன்றுக்கு நானூறு, ஐந்நூறு மரம் வெட்டிய கைகள். அவை தேய்ந்துபோகும் என்பதில் சந்தேகமில்லை. ஆனால், தேய்மானம் வேறு, நோய் வேறு. இரண்டையும் ஒரே சொல்லில் போட்டு மூடிவிடுவதால் நம் பெண்கள் பலர் மருத்துவரிடம் போகவேண்டிய ஆண்டுகளை எண்ணெய் தேய்த்தே கழித்துவிடுகிறார்கள்.

நான் தமிழ்ப்பள்ளியில் அறிவியல் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவன். என் சின்னம்மா இருபத்தெட்டு ஆண்டுகள் பால் வெட்டியவர். அவருடைய தோட்டம் துண்டு துண்டாக விற்கப்பட்டு, பாதி செம்பனை ஆயிற்று, மீதி தாமான் வீடுகள் ஆயிற்று. கந்தான் பக்கம் போகும் சாலையில் நின்று பார்த்தால் சுண்ணாம்புக் குன்றுதான் பழைய இடத்தில் இருக்கிறது, மற்றதெல்லாம் மாறிவிட்டது. வேலை போய் ஏழு ஆண்டுகள் கழித்துத்தான் அவருக்கு விரல் வீங்கத் தொடங்கியது. கத்தி பிடித்த காலம் முழுவதும் வராத வீக்கம், கத்தியைக் கீழே வைத்த பிறகு ஏன் வரவேண்டும்? இந்தக் கேள்வியை வீட்டில் யாரும் கேட்கவில்லை. பக்கத்து ஊர் கிளினிக் ஒன்றில் ஓர் ஆண்டு முழுக்க வலி ஊசியும் மஞ்சள் மாத்திரையும் கொடுத்தார்கள். ஒருமுறைகூட இரத்தம் எடுத்துச் சோதிக்கவில்லை.

கடைசியில் மூட்டுநோய் நிபுணரிடம் போனபோது அவர் கேட்ட முதல் கேள்வி, “காலையில எழுந்தா விரல் மடங்க எவ்வளவு நேரம் ஆகும்மா?” என்பது.

“பசியாறி முடிக்கிற வரைக்கும் டாக்டர்.”

சின்னம்மா எழுவது ஐந்து மணிக்கு. பசியாறுவது எட்டு மணிக்கு.

தேய்மானத்தால் வரும் மூட்டுவலியில் காலை இறுக்கம் அரை மணிக்குள் தளர்ந்துவிடும். வேலை செய்யச் செய்ய வலி கூடும். முடக்குவாதம் என்று நாம் சொல்லும் நோயில் இறுக்கம் ஒரு மணி நேரத்துக்கும் மேல் நீடிக்கும். கொஞ்சம் அசைந்தால்தான் இலகுவாகும். தேய்மானம் விரல் நுனிப்பக்கத்துக் கணுவைப் பிடிக்கும். முடக்குவாதம் பெரும்பாலும் நுனியை விட்டுவிட்டு, விரல் தொடங்கும் முட்டியையும் நடுக்கணுவையும் மணிக்கட்டையும் பிடிக்கும்; அதுவும் இரண்டு கையிலும் ஒன்றுபோல. பால் வெட்டும் கை ஒரு கைதானே அதிகம் உழைக்கிறது? இரண்டும் சமமாக வீங்கினால் அங்கேயே சந்தேகம் வரவேண்டும்.

மலேசியாவில் முடக்குவாத நோயாளிகளைக் கணக்கெடுத்த ஆய்வுகளில் இந்தியர்களின் பங்கு, மக்கள்தொகையில் நமக்குள்ள பங்கைவிடக் கூடுதலாகவே வந்திருக்கிறது. நம் நாட்டு மருத்துவ ஆய்வுக் கழகமும் சுவீடனின் கரோலின்ஸ்கா கழகமும் சேர்ந்து இந்த நோயாளிகளை நீண்டகாலம் ஆராய்ந்தன. பரம்பரைக் கூறும் புகைப்பழக்கமும் அதில் வெளிப்பட்டன. 2016ல் வெளிவந்த ஒரு கட்டுரை, நூல், துணித் தூசியில் வேலை செய்த மலேசியப் பெண்களுக்கு இந்த நோய் வரும் வாய்ப்பு ஏறத்தாழ மூன்று மடங்கு என்று காட்டியது. தையல் ஆலையில் வேலை பார்த்த அக்கா, தங்கைகள் இதைக் கவனத்தில் வைத்துக்கொள்வது நல்லது.

மணி ஓயாமல் அடித்தால்

உடலில் கிருமி நுழைந்தால், அடிபட்டால், அந்த இடம் சிவக்கிறது, சூடாகிறது, வீங்குகிறது, வலிக்கிறது. இதுதான் அழற்சி. நமக்குத் தொல்லையாகத் தெரிந்தாலும் அது பாதுகாப்பு வேலை. இரத்தக் குழாய்கள் லேசாக வாய் திறந்து வெள்ளை அணுக்களை வெளியே அனுப்புகின்றன. அவற்றை வரச்சொல்லிக் கூப்பிடுவது சில தூதுப் புரதங்கள். அவற்றில் உரக்கக் கூவுவது டி.என்.எஃப். என்று மூன்றெழுத்தில் அழைக்கப்படும் புரதம்.

தோட்டத்தில் பெரட்டுக்கு மணி அடித்தால் லயத்து வீடுகளெல்லாம் எழுந்துகொள்ளும். ஆள் சேர்ந்ததும் மணி நின்றுவிட வேண்டும். முடக்குவாதத்தில் மணி நிற்பதில்லை. கிருமியும் இல்லை, காயமும் இல்லை. ஆனாலும் மூட்டின் உட்சவ்வில் வெள்ளை அணுக்கள் கூடிக்கொண்டே போகின்றன. சவ்வு தடிக்கிறது. பிறகு அது குருத்தெலும்பையும் எலும்பையும் அரிக்கத் தொடங்குகிறது. விரல் கோணுவது இந்தக் கட்டத்தில். அரித்த எலும்பு மருந்தால் திரும்ப வளர்ந்து பழைய வடிவத்துக்கு வருவதில்லை. அதனால்தான் முதல் சில மாதங்களுக்கு இவ்வளவு மதிப்பு.

மணியோசை கேட்கக் காது வேண்டும் அல்லவா? டி.என்.எஃப். புரதத்தைக் கேட்கும் காதுக்குப் பெயர் ஏற்பி. ஆங்கிலத்தில் ரிசப்டர் என்பார்கள். அதுவும் ஒரு புரதம்தான். உயிரணுவின் மேல்தோலில் குத்தி நிற்கும். பாதி வெளியே, பாதி உள்ளே. வெளிப்பாதியில் டி.என்.எஃப். வந்து பொருந்தினால் உள்பாதி சேதியை உள்ளே கடத்தும். பால்மரத்தில் கட்டிய மங்கை நினைத்துக்கொள்ளுங்கள். சொட்டும் பாலை மங்கு வாங்கிக்கொள்கிறது. மங்கு மரத்தோடு கட்டப்பட்டிருக்கிறது. இந்த ஏற்பியில் இரண்டு வகை உண்டு. எடையை வைத்து ஒன்றுக்கு 55 என்றும் மற்றதற்கு 75 என்றும் பெயர் வைத்தார்கள்.

இப்போது ஒரு யோசனை. மரத்தோடு கட்டாத வெறும் மங்குகளை ஆயிரக்கணக்கில் காற்றில் மிதக்கவிட்டால்? சொட்டும் பாலை அவையே வாங்கிக்கொள்ளும். மரத்து மங்குக்கு எதுவும் போய்ச்சேராது. ஏற்பியின் வெளிப்பாதியை மட்டும் தனியாகச் செய்து இரத்தத்தில் விட்டால் டி.என்.எஃப். அதில் ஒட்டிக்கொள்ளும், உயிரணுவுக்குச் சேதி போகாது. சின்னம்மாவுக்கு எழுதிக்கொடுத்த வாராந்திர ஊசி இதுதான். எட்டனர்செப்ட் என்பது மருந்தின் பெயர். மனித ஏற்பியையே நகல் எடுத்துச் செய்த மருந்து.

சிறுநீரில் கிடைத்த துப்பு

இந்த யோசனையை மனிதன் முதலில் நினைக்கவில்லை. உடலே ஏற்கெனவே செய்துகொண்டிருந்தது.

1975ல் நியூயார்க்கில் லாய்ட் ஓல்டு, எலிசபெத் கார்ஸ்வெல் ஆகியோர் எலியின் இரத்தநீரில் புற்றுக்கட்டிகளைக் கருகச்செய்யும் ஒரு பொருளைக் கண்டார்கள். கட்டியைச் சிதைக்கும் காரணி என்ற பொருளில்தான் டி.என்.எஃப். என்ற பெயர் வந்தது. புற்றுநோய்க்கு மருந்து கிடைத்துவிட்டது என்று எல்லாரும் மகிழ்ந்தார்கள். ஆனால் 1985ல் புரூஸ் பியூட்லரும் அந்தோணி செராமியும், நோயில் உடலை உருக்கும் ஒரு புரதமும் இதுவும் ஒன்றே என்று காட்டினார்கள். கிருமிநஞ்சு ஏற்றிய எலிகளுக்கு இந்தப் புரதத்தை முடக்கும் எதிர்ப்பொருளை முன்கூட்டியே கொடுத்தால் அவை பிழைத்தன. மருந்து என்று நினைத்தது வினையாக முடிந்தது. பியூட்லர் பின்னாளில் வேறொரு நோயெதிர்ப்பு ஏற்பியைக் கண்டதற்காக 2011ல் நோபல் பரிசு பெற்றார்.

அடுத்த துப்பு கிடைத்த இடம் சிறுநீர். 1988ல் ஜெனீவாவில் ஜான் மிஷேல் டேயர் குழுவினர் காய்ச்சல் கண்டவர்களின் சிறுநீரில் டி.என்.எஃப். வேலையைத் தடுக்கும் ஏதோ ஒன்று இருப்பதைக் கண்டார்கள். மறு ஆண்டு இஸ்ரேலின் வைஸ்மன் ஆய்வுக் கழகத்தில் டேவிட் வாலக் குழுவினர் மனிதச் சிறுநீரிலிருந்து அந்தப் பொருளைத் தூய்மையாகப் பிரித்தெடுத்தார்கள். அது உயிரணுவின் மேலிருந்து வெட்டுப்பட்டு விழுந்த ஏற்பியின் வெளிப்பாதி. மணி அதிகமாக அடிக்கும்போது உடல் தானே சில காதுகளை அறுத்துப் போட்டு ஓசையை அடக்கப் பார்க்கிறது! முடக்குவாதத்தில் அந்த ஏற்பாடு போதாமல் போகிறது.

1990ல் ஏற்பிகளின் மரபணுக்களைப் பல ஆய்வகங்கள் போட்டி போட்டுக்கொண்டு படியெடுத்தன. 75 வகையைப் படியெடுத்தது அமெரிக்காவின் சியாட்டில் நகரில் இருந்த இம்யூனெக்ஸ் நிறுவனம். மரபணு கையில் கிடைத்துவிட்டால் அதை வேறோர் உயிரணுவில் புகுத்தி அந்தப் புரதத்தை வேண்டிய அளவு செய்துகொள்ளலாம். இப்படிச் செய்வதைத்தான் மறுசேர்க்கைப் புரதம் என்கிறோம். ஒரு சிக்கல் இருந்தது. சிறுநீரில் போகும் அந்தத் துண்டு இரத்தத்தில் சில மணி நேரம்கூட நிலைப்பதில்லை. எனவே இரண்டு ஏற்பித் துண்டுகளை எடுத்து, இரத்தத்தில் நாள்கணக்கில் தங்கும் எதிர்ப்பொருளின் வால்பகுதியில் ஒட்டவைத்தார்கள். ஒரு காம்பில் இரண்டு மங்கு. பிடியும் இறுகியது, ஆயுளும் நீண்டது.

அதை முதலில் கொடுத்துப் பார்த்தது முடக்குவாதத்துக்கு இல்லை. இரத்தத்தில் கிருமிநஞ்சு பரவி உயிர் ஊசலாடும் நோயாளிகளுக்குக் கொடுத்தார்கள். எலியில் பலித்தது மனிதனிலும் பலிக்கும் என்ற கணக்கு. 1996ல் வெளியான முடிவு தலையில் இடியாக இறங்கியது. 141 நோயாளிகள், வெறும் நீர் மருந்து பெற்றவர்களில் 30 விழுக்காட்டினர் இறந்திருந்தார்கள், அதிக அளவு மருந்து பெற்றவர்களில் 53 விழுக்காட்டினர். கிருமி உள்ளே இருக்கும்போது காவலைப் படுக்கவைத்தால் என்ன ஆகும் என்பதற்கு அதைவிடக் கொடிய பாடம் இல்லை. இன்னொரு நிறுவனம் 55 வகையில் செய்த ஏற்பி மருந்தை நரம்பு நோயான மல்டிபிள் ஸ்கிளிரோசிஸுக்குக் கொடுத்தது. அங்கேயும் நோய் கூடியதுதான் மிச்சம்.

அந்தப் புரதம் அத்தோடு குப்பைக்குப் போயிருக்கும். அதைக் காப்பாற்றியது இலண்டனில் நடந்த வேறொரு வேலை. மார்க் ஃபெல்ட்மன், ஃபியோனுலா பிரென்னன் முதலியோர் முடக்குவாத நோயாளிகளின் மூட்டிலிருந்து எடுத்த அணுக்களைக் கண்ணாடித் தட்டில் வளர்த்து, டி.என்.எஃப். ஒன்றை மட்டும் முடக்கினால் மற்ற அழற்சித் தூதர்களும் அடங்குவதை 1989ல் காட்டியிருந்தார்கள். ஆய்வகத்தில் ஒரு துளிப் புரதத்தையோ எதிர்ப்பொருளையோ வைத்துச் செய்யும் இத்தகைய சோதனைகள் வெளியில் யாருக்கும் தெரிவதில்லை. மருந்தின் தலையெழுத்து அங்கேதான் எழுதப்படுகிறது. ஃபெல்ட்மனுடன் சேர்ந்து 1992ல் முதல் நோயாளிகளுக்கு டி.என்.எஃப். எதிர்ப்பொருளைக் கொடுத்தவர் ரவீந்தர் மைனி, பஞ்சாபின் லூதியானாவில் பிறந்தவர். படுத்த நோயாளிகள் எழுந்தார்கள். உடனே இம்யூனெக்ஸும் தன் ஏற்பியை எடுத்துக்கொண்டு மூட்டுநோய்ப் பக்கம் திரும்பியது. 180 பேரிடம் மூன்று மாதம் நடந்த சோதனை 1997ல் வெளிவந்தது. அதிக அளவு பெற்றவர்களில் 75 விழுக்காட்டினருக்குக் குறிப்பிட்ட அளவு முன்னேற்றம். வெறும் ஊசி பெற்றவர்களில் 14 விழுக்காட்டினருக்கு. 1998 நவம்பரில் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஆளைக் கொன்ற பொருள் என்று ஒதுக்கப்பட்ட அதே புரதம்.

“இது மாட்டுலேர்ந்து எடுத்ததா?”

குளிர்பெட்டியில் வைக்கச் சொல்லி ஊசியைக் கொடுத்தபோது சின்னம்மா கேட்ட முதல் கேள்வி இது. “ஏன்யா, இது மாட்டுலேர்ந்து எடுத்ததா? செவ்வாய், வெள்ளி கோயிலுக்குப் போறவ நான்.” சிரிக்க வேண்டிய கேள்வி இல்லை. இனிப்புநீருக்குப் போடும் இன்சுலின் 1982 வரை மாட்டிலிருந்தும் பன்றியிலிருந்தும்தான் வந்தது. அந்த ஆண்டுதான் மனித இன்சுலின் மரபணுவைக் கிருமிக்குள் வைத்துச் செய்த இன்சுலினுக்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. இன்று ஜொகூரில்கூட பெங்களூரின் பயோகோன் நிறுவனம் ஈஸ்ட்டை வளர்த்து இன்சுலின் செய்கிறது.

ஆனால் ஏற்பி மருந்து இன்சுலினைப்போல் சின்னப் புரதம் இல்லை. மொத்தம் 934 அமினோ அமிலங்கள் கொண்ட பெரிய புரதம். அதன்மேல் ஆங்காங்கே சர்க்கரைக் கொத்துகள் ஒட்டியிருக்க வேண்டும். கிருமிக்கு அந்த வேலை தெரியாது. அதனால் சீன ஹாம்ஸ்டர் என்ற எலி வகையின் சினைப்பை அணுக்களில் செய்கிறார்கள். 1957ல் அமெரிக்காவில் தியோடர் பக் என்பவர் ஒரே ஓர் எலியிலிருந்து எடுத்து வளர்த்த அணுக்களின் வாரிசுகள் அவை. இப்போது எந்த எலியையும் அறுப்பதில்லை. பெரிய உலோகத் தொட்டிகளில் அணுக்களே பெருகிக்கொண்டிருக்கின்றன. “எலியும் இல்ல, மாடும் இல்ல சின்னம்மா. உங்க உடம்புல இருக்கிற அதே சாமான். எலி அணு சமையல்காரன் மாதிரி, செஞ்சு கொடுக்குது” என்றேன். “சமையல்காரன் சுத்தமா இருந்தா சரி” என்றார்.

சுத்தம்தான் இதில் பாதி வேலை. ஆய்வகங்களுக்கு இதே ஏற்பியைச் சின்னக் குப்பிகளில் பொடியாக விற்கிறார்கள். உள்ளே இருப்பது சில மைக்ரோகிராம். ஒரு கிராமைப் பத்து லட்சமாகப் பிரித்தால் ஒரு பங்கு ஒரு மைக்ரோகிராம். கண்ணுக்குச் சரியாகத் தெரியாது. உறைபனிக் குளிரில் வைக்க வேண்டும். மனிதருக்குச் செலுத்தக் கூடாது, ஆய்வுக்கு மட்டும் என்று எழுதியிருக்கும். புதிதாக ஒரு மருந்து டி.என்.எஃப். புரதத்தை எவ்வளவு இறுக்கமாகப் பிடிக்கிறது, நோயாளியின் இரத்தத்தில் அது எவ்வளவு மிதக்கிறது என்றெல்லாம் அளக்க இந்தப் பொடி ஓர் அளவுகோல். அதில் கிருமிநஞ்சு ஒரு துளி கலந்திருந்தாலும் சோதனை பாழ். கிருமிநஞ்சே அணுக்களை உசுப்பி டி.என்.எஃப். சுரக்கவைக்கும், அழற்சியை அடக்கும் பொருளைச் சோதிக்கப்போய் அழற்சியை ஊட்டிவிட்டு உட்கார்ந்திருப்போம்.

காவலைக் குறைக்கும்போது

1996ன் பாடம் இன்றைக்கும் இந்த ஊசியோடு சேர்ந்தே வருகிறது. டி.என்.எஃப். நமக்குப் பகைவன் கிடையாது. காசநோய்க் கிருமியை நுரையீரலில் சுவர் கட்டி அடைத்துவைப்பது அதுதான். 2001ல் வெளியான ஓர் அறிக்கை, இதே வகை எதிர்ப்பொருள் மருந்து பெற்ற 70 பேருக்குக் காசநோய் தலைதூக்கியதைக் காட்டியது. ஏற்பி ஊசியில் அந்த ஆபத்து எதிர்ப்பொருள் மருந்துகளைவிடக் குறைவு என்றாலும் இல்லாமல் இல்லை. ஒரே அறையில் எட்டுப் பேர் படுத்த லயத்து வீடுகளில் வளர்ந்தவர்களுக்கு, அந்தக் காலத்தில் யாரோ இருமியதன் மிச்சம் நுரையீரலில் தூங்கிக்கொண்டிருக்கலாம். ஆகவே ஊசி தொடங்குமுன் நெஞ்சு எக்ஸ்ரே, காசநோய்ச் சோதனை, மஞ்சள்காமாலை ‘பி’ சோதனை மூன்றும் எடுப்பார்கள். “அதெல்லாம் எதுக்கு, கைக்குத்தானே மருந்து?” என்று சிலர் அலுத்துக்கொள்கிறார்கள். வீட்டில் யாருக்காவது முன்பு காசநோய் வந்திருந்தால் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். ஊசி போடும் காலத்தில் காய்ச்சல் வந்தால் பனடோல் போட்டுக்கொண்டு படுத்துவிடாமல் மருத்துவமனைக்குப் போகவேண்டும்.

இந்த ஊசி முதல் மருந்தும் அல்ல. மெத்தோட்ரெக்ஸேட் என்ற மலிவான மாத்திரையில்தான் பெரும்பாலும் தொடங்குவார்கள். அதிலேயே பலருக்கு நோய் அடங்கிவிடும். அதை வாரத்தில் ஒரே ஒரு நாள்தான் விழுங்க வேண்டும். தினமும் விழுங்கினால் உயிருக்கே ஆபத்து. சின்னம்மாவின் நாள்காட்டியில் ஞாயிற்றுக்கிழமைகளுக்கு மட்டும் சிவப்பு வட்டம் போட்டிருக்கிறோம்.

மஞ்சளைப் பற்றிக் கேட்காதவர்கள் இல்லை. “அழற்சியைக் குறைக்கும்னு சொல்றாங்களே?” என்பார்கள். இதற்குள்ளும் ஒரு கதை இருக்கிறது. 1980களின் நடுவில் ஜெனென்டெக் நிறுவனத்தில் டி.என்.எஃப். புரதத்தைத் தூய்மையாகப் பிரித்தெடுத்தவர்களில் ஒருவர் பரத் அகர்வால் என்ற இந்தியர். அது நல்ல வேலை. பின்னர் அவர் டெக்சஸில் மஞ்சளின் குர்குமின் பற்றி ஏராளமாக எழுதினார். உலகமெங்கும் மஞ்சள் மாத்திரை விற்பனைக்கு அந்தக் கட்டுரைகள் துணை நின்றன. அவற்றில் இருபதுக்கும் மேற்பட்டவற்றை ஆய்வு இதழ்கள் திரும்பப் பெற்றுக்கொண்டன. 2017ல் வேதியியலாளர்கள் சிலர் எல்லாவற்றையும் தொகுத்துப் பார்த்து, குர்குமின் உடலில் ஏறுவதே அபூர்வம், முறையான மருத்துவச் சோதனை எதிலும் அது வென்றதில்லை என்று எழுதினார்கள். குழம்பில் மஞ்சள் போடுங்கள், யார் வேண்டாம் என்றது? விரல் வீங்கினால் இரத்தம் சோதியுங்கள்.

இதைவிடக் கவலை தருவது, மூட்டுவலிக்கு என்று கைக்குக் கை மாறும் ‘பாரம்பரிய’ மாத்திரைகள். அவற்றில் சிலவற்றில் டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு மருந்து கலந்திருப்பதாக நம் சுகாதார அமைச்சு பலமுறை எச்சரித்திருக்கிறது. இரண்டே நாளில் வலி பறந்துவிடும்; ஊரெல்லாம் புகழ் பரவும். பிறகு முகம் உப்பும், இனிப்புநீர் ஏறும், எலும்பு வலுவிழக்கும். உள்ளே எலும்பு அரிப்பு அதன்பாட்டுக்கு நடந்துகொண்டிருக்கும்.

விலை எங்கே ஏறுகிறது?

உயிரணுத் தொட்டிகளை இரவுபகலாகக் காக்க வேண்டும். வெப்பம், காற்று, தீனி எல்லாம் ஒரு மாத்திரை ஆலையில் கேள்விப்படாத நுணுக்கம். 2001ஆம் ஆண்டு வாக்கில் அமெரிக்காவிலேயே இந்த மருந்துக்குக் கேட்பு அதிகமாகி, இம்யூனெக்ஸால் செய்து கொடுக்க முடியாமல் போய், புது நோயாளிகளைக் காத்திருப்போர் பட்டியலில் வைத்தார்கள். பணம் இருந்தும் மருந்து இல்லை. காரணம் தொட்டி போதாதது. 2013ல் இந்தியாவில் சிப்லா நிறுவனமும் 2016ல் ஐரோப்பாவில் கொரிய நிறுவனமும் இதே மருந்தின் ஒத்த வடிவங்களைக் கொண்டுவந்த பிறகு விலை இறங்கத் தொடங்கியது. அப்படியும் நம் ஊரில் ஒரு சாதாரணக் குடும்பம் கைக்காசில் வாங்கும் விலைக்கு அது வரவில்லை. அரசாங்க மருத்துவமனையில் யாருக்கு முதலில், யாருக்குப் பிறகு என்று நிபுணர்கள் எண்ணிப் பார்த்துத்தான் எழுத வேண்டியிருக்கிறது.

தொட்டிக்குப் பதிலாக வேறெதில் செய்யலாம் என்று உலகம் தேடிக்கொண்டிருந்த காலத்தில், நம் நாட்டில் சிலர் பால்மரத்தைப் பார்த்தார்கள்.

இது பலருக்குத் தெரியாத செய்தி. ஆர்.ஆர்.ஐ.எம். என்றாலே தோட்டத்து மக்களுக்கு 600ஆம் எண் கன்றுதான் நினைவுக்கு வரும். அதே ரப்பர் ஆராய்ச்சிக் கழகத்தில் 1990களில் பி. ஆரோக்கியராஜ், இயாங் ஹூங் ஈட் முதலிய ஆய்வாளர்கள் பால்மரத்துக்குள் அந்நிய மரபணுவைப் புகுத்தும் வேலையில் இறங்கினார்கள். பூவின் மகரந்தப்பையிலிருந்து திசு வளர்த்து, அதில் மரபணுவை ஏற்றி, கன்றாக்கி, ஒட்டுக்கட்டிப் பெருக்கினார்கள். 2002ல் இரண்டு கட்டுரைகள் வந்தன. ஒன்றில், மனித இரத்தநீரின் முதன்மைப் புரதமான அல்புமினைப் பால்மரம் செய்தது. மற்றதில், வேலை செய்யும் நிலையில் உள்ள எதிர்ப்பொருள் துண்டு ஒன்று ரப்பர் பாலிலேயே கிடைத்தது.

கணக்கு எளிமையானது. பாலில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் ரப்பர். மற்றதில் பெரும்பகுதி நீரும் புரதமும். ரப்பரை உறையவைத்து எடுத்த பிறகு அந்த நீர் ஆலைக் கால்வாயில் போகிறது. மரத்தை வெட்டிச் சாய்க்கத் தேவையில்லை. ஒருநாள் விட்டு ஒருநாள் பட்டையைச் சீவினால் போதும், பால் மறுபடி ஊறும். ஒரு நல்ல கன்று கிடைத்துவிட்டால் ஒட்டுக்கட்டி ஆயிரம் மரமாக்கலாம். தொட்டியும் வேண்டாம், தீனியும் வேண்டாம். வெயிலும் மழையும் போதும். நூறாண்டாக நம் ஆட்கள் சுமந்து ஊற்றிய வாளிக்குள் மருந்தும் வந்திருக்கும் என்று நினைத்துப் பார்க்கிறேன்.

நடைமுறை அவ்வளவு எளிதாக இல்லை. அல்புமினில் சர்க்கரைக் கொத்து கிடையாது, அதனால் செடிக்கு அது சுலபம். ஏற்பிப் புரதம் சர்க்கரை போர்த்தியது. செடி ஒட்டும் சர்க்கரை மனிதச் சர்க்கரையிலிருந்து மாறுபடும். ரப்பர் பாலுக்கே சொந்தமான புரதங்கள் சிலருக்குக் கடும் ஒவ்வாமை உண்டாக்குபவை. கையுறை போட்ட தாதியர் பலர் அதனால் அவதிப்பட்டார்கள். அந்தப் புரதங்களை ஆராய்ந்தவர்களிலும் இயாங் ஒருவர். அழற்சிக்கான மருந்திலிருந்து அழற்சி தூண்டும் பொருளை முழுவதும் நீக்க வேண்டுமென்றால் செலவு எங்கே குறையும்? பால்மரத்திலிருந்து எடுத்த மருந்து எதுவும் இன்றுவரை மருந்தகத்துக்கு வரவில்லை.

செடியில் மனிதப் புரதம் செய்வது வெறும் கனவு என்று சொல்லவும் முடியாது. 2012ல் அமெரிக்கா அனுமதித்த ஓர் அரிய நோய்க்கான மருந்து கேரட் அணுக்களில் செய்யப்படுகிறது. அதைச் செய்த இஸ்ரேலிய நிறுவனமான புரோட்டாலிக்ஸ், புகையிலை அணுக்களில் இதே 75 வகை ஏற்பியையும் செய்து பார்த்தது. ஊசியாகக் கொடுக்கவில்லை. ஏற்பி உள்ளேயே இருக்க, செடி அணுக்களை வாய்வழி விழுங்கக் கொடுத்தார்கள். செடி அணுவின் கெட்டிச் சுவர் இரைப்பை அமிலத்திலிருந்து புரதத்தைக் காக்கும், குடலில் போய் அது வேலை செய்யும் என்பது திட்டம். பெருங்குடல் அழற்சி கண்ட சிறு எண்ணிக்கை நோயாளிகளிடம் அது சோதிக்கப்பட்டது.